மூலை தொடும் விளக்கு

மராட்டிய மண்ணில், பாணேரில் எங்கள் சந்தன்வன் குடியிருப்பின் வாசலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். கார் நிறுத்த இடமில்லை. ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை. வரிசை மருந்துக்கடையைத் தாண்டி, ஏ.டி.எம்.மைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரை போயிருக்கும். புதிதாக வந்தவர்கள் ஏதோ தள்ளுபடி விற்பனை என்று நினைத்து வரிசையில் நிற்பார்கள். விஷயம் தெரிந்த பிறகும் நகராமல் நிற்பார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்துத் தரைத்தளத்தில் ஒரு கடை. கடையின் கண்ணாடிக்குப் பின்னால், உள்சுவரில், தெருவைப் பார்த்தபடி, மேலே ஆறும் கீழே ஆறுமாகப் பன்னிரண்டு பழைய கணினித் திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்கிரீன்சேவர். கறுப்புப் பின்னணியில் சின்ன அகல்விளக்குப் படம் ஒன்று மெதுவாக நகரும். ஓரத்தில் இடிக்கும். திரும்பும். மறுபடி இடிக்கும். இரவு பகலாக, எட்டு மாதமாக, ஒரு நொடிகூட நிறுத்தாமல் இது ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு ‘அகண்ட திரை’ என்று பெயர். இதை நடத்தியவருக்கு ‘திரைஞானி மாதவ்ஜி’ என்று பெயர்.

மாதவ்ஜி சென்னைக்காரர். நகரத்தின் மறுகோடியில், மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். கம்பெனி மூடியபோது எல்லோரும் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். இவர் மட்டும் பன்னிரண்டு திரைகளைப் பழைய சாமான் விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். ஆயுத பூஜையன்று அவற்றுக்குக் குங்குமம் வைத்தார். மவுஸ் ஒவ்வொன்றின் கீழும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். விளக்கை ஓடவிட்டார். அன்றைக்கே ஞானியாகிவிட்டார்.

விதி சுலபமானது. உங்கள் கேள்வியை மனதில் நினைக்க வேண்டும். மாதவ்ஜி கண்ணை மூடுவார். பிறகு, “உங்கள ஒன்பதாம் திரை கூப்பிடுது” என்பார். நீங்கள் ஒன்பதாம் திரை முன் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அதற்குள் விளக்கு வலது மேல் மூலையைத் தொட்டால் விடை ‘ஆம்’. தொடாவிட்டால் ‘இல்லை’. வலது மேல் மூலைதான் ஈசானிய மூலையாம், வடகிழக்காம். கண்ணாடிக்குப் பின்னால் மேற்குச் சுவரில் தொங்கும் பெட்டிக்குள் வடகிழக்கு எங்கே இருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வாஸ்து பார்த்துக் கழிப்பறையை இடித்துக் கட்டிய ஊரில் யார் கேட்பது?

கிளி ஜோசியக்காரனைக் கண்டால் சிரிக்கிற கூட்டம்தான் இது. ஊரில் குறி சொல்கிற பெண்மணியைப் பார்த்து, “இன்னுமா இதையெல்லாம் நம்பறாங்க” என்று தலையில் அடித்துக்கொள்கிற கூட்டம்தான். ஆனால் கிளிக்குப் பதிலாகக் கணினி வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். “இதுல மனுஷன் கை படல. மவுஸ்கூட படல. அதனால பொய் சொல்லாது” என்று மாதவ்ஜி ஒரே ஒரு வரி சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

முன்பதிவு ஆன்லைனில். ஒரு படிவம் வரும். பெயர், ராசி, கேள்வி, கடைசியாக ஒரு கட்டம்: ‘உங்கள் மனம் விரும்பும் விடை எது?’ உங்கள் மன அலையோடு திரையை இணைப்பதற்காம். அதன் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி. அதாவது, நிரப்பியே ஆக வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட கட்டத்தை எங்கள் ஆட்கள் காலியாக விட்டதாகச் சரித்திரமே கிடையாது. அத்தனை பேரும் ஒழுங்காக நிரப்பினார்கள். கடைசியில் ‘மின்சாரக் காணிக்கை’ செலுத்திவிட்டு டோக்கன் வாங்கினார்கள்.

நானும் வாங்கினேன். எதற்கு மறைக்க வேண்டும்? என் பெயர் தங்கராஜ், அரசு வங்கி ஒன்றில் அதிகாரி. சென்னைக்கு மாற்றல் கிடைக்குமா என்று கேட்டேன். இரண்டாம் திரை என்னைக் கூப்பிட்டது. விளக்கு ஒயிலாக நகர்ந்துபோய் ஈசானிய மூலையைத் தொட்டது. புல்லரித்தது. இன்னும் பாணேரில்தான் இருக்கிறேன்.

என் மாற்றல் போனால் போகட்டும். என் பக்கத்து வீட்டுக் கோதையின் விஷயம் அப்படிப்பட்டது அல்ல.

கோதையும் அவள் கணவன் பாஸ்கரும் கோயம்புத்தூர்க்காரர்கள். கோதைக்கு முப்பத்தாறு வயது, பள்ளியில் கணக்கு டீச்சர். பாஸ்கர் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலையில் இருக்கிறான். ஏப்ரல் மாதக் கடைசியில் கோதையின் மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. டாக்டர் பார்த்தார். ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதித்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்தார்.

அந்த நாளுக்கு முந்தைய ஞாயிறு பாஸ்கர் அவளைத் திரை முன் நிறுத்தினான். ‘இந்தச் சோதனை அவசியமா?’ என்பது கேள்வி. ஐந்தாம் திரை கூப்பிட்டது. விளக்கு மூலைப் பக்கமே போகவில்லை. சோதனை ரத்து. இரண்டு வாரம் கழித்து டாக்டரே போன் செய்து இன்னொரு நாள் கொடுத்தார். பதினோராம் திரை கூப்பிட்டது. அதிலும் விளக்கு தொடவில்லை. அதுவும் ரத்து. கட்டி மட்டும் எங்கேயும் போகவில்லை. மாடிப்படியில் என் மனைவியிடம் கோதை, “கொஞ்சம் பெருசான மாதிரி இருக்குதுங்க அக்கா” என்று சொன்னாளாம். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் அந்த வரிசையில் நின்றவன்தானே, எந்த வாயால் பேசுவது?

ஜூன் மாதம் மழை தொடங்கிய வாரம். மூன்றாவது முறையாக அவர்கள் திரை முன் போய் நின்றார்கள். இந்த முறை நேரடியான கேள்வி: ‘எனக்கு நோய் இருக்கிறதா?’ மாதவ்ஜி கண்ணை மூடினார். ஏழாம் திரை கூப்பிட்டது. மூன்று நிமிடம் ஆனது. விளக்கு தொடவில்லை.

“நோய் இல்ல தாயி. சந்தோஷமா போங்க” என்றார் மாதவ்ஜி.

பாஸ்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கோதை துடைக்கவில்லை. அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை. இருவரும் குடையை மடக்கிக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த சரசாவின் இட்லி வண்டிக்கு வந்தார்கள். நான் அங்கேதான் தட்டும் கையுமாக நின்றேன்.

சரசா விழுப்புரத்துப் பக்கம். நாற்பத்தைந்து வயதிருக்கும். பத்து வருடமாக இந்தத் தெருவில் இட்லிக்கடை போடுகிறாள். மராட்டிக்காரர்களும் அவளை இட்லி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஏழாம் நம்பர் சொல்லிருச்சு சார், ஒண்ணும் இல்லைன்னு” என்றான் பாஸ்கர் என்னிடம். “இனி ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம்.”

தட்டில் இட்லி எடுத்துவைத்துக்கொண்டிருந்த சரசா நிமிர்ந்தாள்.

“ஏழாம் நம்பரா? நீங்க உள்ள போயி அவரு கண்ண மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதானே அது மூலையத் தொட்டுச்சு? மறுபடி தொட பதினோரு நிமிஷம் ஆவும். மூணு நிமிஷத்துல எங்கேர்ந்து தொடும்?”

பாஸ்கர் தட்டை வாங்காமல் சரசாவைப் பார்த்தான்.

“பதினோரு நிமிஷமா? உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“நாலாம் நம்பரு என் வண்டிக்கு நேரா இருக்குது. அது மூலையத் தொட்டா சட்டிய ஏத்துவேன். அடுத்த தடவ தொட்டா எறக்குவேன். ஒரு ஈடு சரியா வெந்திருக்கும். எட்டு மாசமா ஒரு ஈடுகூட மாவா நின்னதில்ல. மத்த பொட்டியும் அதே கணக்குதான். ஒண்ணு தொட்ட ஒரு நிமிஷத்துல இன்னொண்ணு தொடும். சுத்திச் சுத்தி வந்துகினே இருக்கும்.”

“இத ஏன் சரசா இத்தனை நாளா சொல்லல?” என்று நான் கேட்டேன்.

“யாரு சார் கேட்டா? எல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்க, தெரியாமலா நிப்பாங்கன்னு இருந்துட்டேன்.”

இதைவிடப் பெரிய அடியை நான் வாங்கியதில்லை. மூன்று பேருடைய படிப்பும் அந்த வண்டியின் முன்னால் தலைகுனிந்து நின்றது. அதிலும் ஒருவன் பிழை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவன்.

பாஸ்கர் லேசில் விடவில்லை. “அது ரேண்டம்ங்க. கணக்கு எல்லாம் கிடையாது. ஏதோ உங்களுக்கு அப்படித் தோணியிருக்கும்” என்றான்.

கோதை தட்டைக் கீழே வைத்தாள். “தோணிச்சான்னு பாத்துட்டா போச்சுங்க. போன எடுங்க. நாலாம் நம்பர் எப்போ தொடுதுன்னு பாருங்க.”

பாஸ்கர் போனில் நேரம் ஓடவிட்டான். மழைத் தூறலில் நான்கு பேரும் சாலைக்கு எதிரே பார்த்துக்கொண்டு நின்றோம். விளக்கு தொட்டது. சரசா சட்டியை ஏற்றினாள். வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். ஒரு முறைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு துணியால் பிடித்துச் சட்டியை இறக்கினாள். அதே நேரம் விளக்கு தொட்டது. போனைப் பார்த்தேன். பதினோரு நிமிடம், இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியும் பாஸ்கர் தாமதமாகத் தட்டியதால் வந்ததாகத்தான் இருக்கும்.

கோதை சாலையைத் தாண்ட ஆரம்பித்தாள். சரசா அடுப்பைத் தணித்துவிட்டு அவள் பின்னால் போனாள். நானும் பாஸ்கரும் அவர்கள் பின்னால் ஓடினோம்.

கடைக்குள் கூட்டம் நெரித்தது. முண்டிக்கொண்டு உள்ளே போகவே ஆறேழு நிமிடம் ஆனது. மாதவ்ஜி ஒரு பையனுக்கு அமெரிக்க விசா வழங்கிக்கொண்டிருந்தார். கோதை நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“நான் இன்னொரு தடவ கேக்கோணுங்க. நாலாம் திரையில.”

“ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் தாயி. அதுவும் திரைதான் உங்களக் கூப்பிடணும். நீங்க திரையக் கூப்பிடக் கூடாது.”

“அதெல்லாம் நாலாம் நம்பரு கூப்பிடும் சாமி” என்றாள் சரசா. “நல்லா பழக்கம். டெய்லி எனக்கு இட்லி வேவ வச்சுக் கொடுக்குது.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாதவ்ஜியின் நெற்றியில் விபூதி மட்டும் காய்ந்திருந்தது, மற்றதெல்லாம் வேர்த்திருந்தது. வரிசையில் நின்ற ஒரு மராட்டியப் பெரியவர், “கேக்கட்டுமே பாபா, என்ன போச்சு?” என்று இந்தியில் சொன்னார். அவருக்கு வேடிக்கை பார்க்க ஆசை. நம் ஊரில் பல நல்ல காரியங்கள் வேடிக்கை ஆசையால்தான் நடக்கின்றன.

கோதை நாலாம் திரை முன் நின்றாள். மனதுக்குள் கேட்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“எனக்கு நோய் இருக்குதா?”

சரசா பாஸ்கரின் போனை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு நிமிஷம்” என்றாள். விளக்கு கீழே இறங்கியது, இடது ஓரத்தில் இடித்தது, மேலே ஏறியது. இரண்டு நிமிடம் ஆனதும் ஈசானிய மூலையில் போய் உட்கார்ந்து எழுந்தது.

“ஆம்” என்று கூட்டத்தில் ஒருவர் பயந்த குரலில் சொன்னார். பாஸ்கர் சுவரைப் பிடித்துக்கொண்டான். எல்லாம் பொய் என்று அவனுக்குத் தெரியும். கையில் போன் இருக்கிறது, நேரம் இருக்கிறது. அப்படியும் அந்த விளக்கு மூலையைத் தொட்டபோது அவன் உயிர் போய்வந்தது. மூடநம்பிக்கை மூளையைவிட்டுப் போன பிறகும் முழங்காலில் கொஞ்ச நாள் தங்கும் போலிருக்கிறது.

கோதை நகரவில்லை. எட்டு நிமிடம் கணக்கு வைத்து அதே இடத்தில் நின்றாள். பிறகு அதே குரலில் கேட்டாள்.

“எனக்கு நோயே இல்லையா?”

மூன்று நிமிடம். விளக்கு மூலையைத் தொட்டது. இதற்கும் ‘ஆம்’.

“நோய் இருக்குது, ஆம். நோய் இல்லை, அதுக்கும் ஆம்” என்றாள் கோதை. “எதைங்க நான் எடுத்துக்கறது?”

“பாருங்கம்மா, நம்பிக்கை இல்லாதவங்க எதிர்ல நின்னா திரை குழம்பிடும்” என்றார் மாதவ்ஜி.

“எங்கேங்க குழம்புச்சு? சரியா பதினோரு நிமிஷத்துக்குத் தொட்டுச்சே. நீங்கதான் குழம்பறீங்க.”

இந்த முறை சிரிப்பு வாசல் வரை போனது. மராட்டியப் பெரியவர் தன் பங்குக்கு ஒன்பதாம் திரை முன் போய் நின்று, தனக்கு இந்த வருடம் இரட்டைக் குழந்தை பிறக்குமா என்று கேட்டார். எழுபது வயதிருக்கும் அவருக்கு. விளக்கு ஓடிப்போய் மூலையைத் தொட்டது. அவருடைய மனைவி அவரை முறைத்தாள்.

அந்தக் கலாட்டாவில் பாஸ்கர் மேசைக்குப் பின்னால் போய்விட்டான். மாதவ்ஜி கண்ணை மூடுகிற இடம் அதுதான். கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு நொடி அவர் பார்வை கீழே போவது வழக்கம். நாங்கள் அதைப் பணிவு என்று நினைத்திருந்தோம். அங்கே மேசைக்குள் சாய்வாக ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் பன்னிரண்டு எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, மூலையைத் தொட இன்னும் எத்தனை நிமிடம், எத்தனை நொடி என்று கீழிறங்கிக்கொண்டே வரும் கணக்கு. ‘ஆம்’ சொல்ல வேண்டியவரைத் தொடப்போகும் திரைக்கு அனுப்பலாம். ‘இல்லை’ சொல்ல வேண்டியவரை இப்போதுதான் தொட்டு முடித்த திரைக்கு அனுப்பலாம். யாருக்கு எதைச் சொல்வது என்பதற்குக் கீழேயே பட்டியல் இருந்தது. எங்கள் படிவங்கள்தான் அவை. கடைசிக் கட்டம் மட்டும் மஞ்சள் வண்ணத்தில் எடுப்பாகத் தெரிந்தது.

பாஸ்கர் பட்டியலில் கோதையின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தான். ஒன்றல்ல, மூன்று வரி. மூன்றிலும் விரும்பும் விடை ‘இல்லை’. தட்டியது அவன் கைதான். நோய் இருந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் தட்டியிருக்கிறான். அவன் ஆசையை வாங்கி, அதையே அவனிடம் தெய்வ வாக்காகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார் மாதவ்ஜி. அதற்குக் காணிக்கையும் வாங்கியிருக்கிறார்.

“கோதை, இத நாந்தான் எழுதுனேன்” என்றான். அவனை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஓங்கி அறையவும் தோன்றியது.

மாதவ்ஜி பின்வாசல் வழியாகப் போனார். கூட்டம் விரட்டியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? பாதிப் பேர் தங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மேசையை மொய்த்தார்கள். பொய் வெளியான இடத்திலும் வரிசை போட்டார்கள். ஒருவர் மட்டும் என்னிடம் வந்து, தன் டோக்கன் அடுத்த ஞாயிறுக்குத்தான், அது செல்லுமா என்று விசாரித்தார். மறுநாள் கடைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது: ‘அகண்ட திரை அப்டேட் ஆகிறது. பக்தர்கள் பொறுத்தருள்க.’ கோதை அந்த அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தாள். பாஸ்கரும் அவளோடு போனான்.

புதன்கிழமை ஊசிச் சோதனை நடந்தது. என் மனைவியும் நானும் கூடவே இருந்தோம். அடுத்த வாரம் முடிவு வந்தது. புற்றுநோய்தான். சிகிச்சை இருக்கிறது, குணப்படுத்தலாம் என்று டாக்டரம்மா தைரியம் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏப்ரலிலேயே வந்திருந்தால் சின்ன அறுவையோடு போயிருக்க வாய்ப்பிருந்தது, இப்போது மருந்தும் நீளும், வேதனையும் நீளும் என்றார். இத்தனை வாரம் எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று அவர் கேட்டது பாஸ்கரிடம். கோதைதான் பதில் சொன்னாள்.

“ஸ்கிரீன்சேவர் பாத்துட்டு இருந்தோமுங்க டாக்டர்.”

டாக்டரம்மா இதைக் கேலி என்று நினைத்துக் கோபப்பட்டார். கேலி இல்லை. நான் எழுதியதில் பாதியைக் கேலி என்று எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு வரியை அப்படி எடுக்காதீர்கள்.

கணினி படித்த அத்தனை பேரும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே தெரிந்துகொள்கிற ஒன்றைக் கடைசியாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன்சேவர் எப்போது ஓடும்? இயந்திரம் போட்டபடி கிடக்கிறது, ஆனால் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்றால்தான் ஓடும். பாணேரில் எட்டு மாதம் ஓடியது. கடைக்குள் இருந்தவை பன்னிரண்டுதான். மற்றவை வரிசையில் நின்ற தலைகளுக்குள் ஓடின, அதில் என்னுடையதும் ஒன்று. உங்களுடையதைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள்.